கருவிகள் சிக்கனமாகியும் கரண்ட் செலவு ஏன் ஏறுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: குண்டு பல்பு போய் எல்இடி வந்துவிட்டது, பழைய ஃபேன் போய் பிஎல்டிசி ஃபேன் வந்துவிட்டது, ஏசி என்றால் இன்வெர்ட்டர் ஏசிதான். எல்லாமே முன்பைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. அப்படியிருந்தும் நாட்டின் மின்தேவை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போவது ஏன்? கூடவே ஒரு சொந்தக் கேள்வி: 5 ஸ்டார் ஏசி வாங்கினால் பில் உண்மையிலேயே குறையுமா?

பதினெட்டு வருஷமாக கோயம்புத்தூர், பல்லடம் பக்கம் மில்களிலும் தறிக்கூடங்களிலும் எனர்ஜி ஆடிட், அதாவது மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கணக்கெடுக்கும் வேலை, செய்து வருகிறேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு கருவி குறைந்த மின்சாரத்தில் ஓடுவது வேறு. ஊர் மொத்தமும் குறைந்த மின்சாரம் செலவழிப்பது வேறு. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கருவி சிக்கனமாகும்போது அது தரும் வசதியின் விலை இறங்குகிறது. விலை இறங்கியதை மனிதர்கள் கூடுதலாகப் பயன்படுத்துவார்கள். எவ்வளவு கூடுதலாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில இடங்களில் கொஞ்சம்தான் கூடும், மிச்சம் பெரும்பாலும் கையில் நிற்கும். சில இடங்களில் மிச்சமானது முழுவதும் கரைந்து, பழைய அளவையும் தாண்டிவிடும்.

என் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஏர்ஜெட் தறிக்கூடத்துக்கு ஆடிட்டுக்குப் போனேன். 24 தறிகள். ஏர்ஜெட் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் காற்றுதான் தள்ளிக்கொண்டு போகும். அதனால் கரண்ட் பில்லில் பெரும்பங்கைக் கம்ப்ரஸர்தான் தின்னும். ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்ற பிறகு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு ஷெட்டுக்குள் நடந்தோம். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அன்றைக்கு அந்த அமைதியில் நாலா பக்கமிருந்தும் 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம். பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவினால் குமிழி குமிழியாக வந்தது. ஒரு தறியும் ஓடவில்லை. ஆனாலும் கசியும் காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அடிக்கடி லோடு எடுத்துக்கொண்டே இருந்தது.

கசிவை அடைத்தோம். தேவைக்கு மேல் வைத்திருந்த பிரஷரை இறக்கினோம். ஒரு கம்ப்ரஸருக்கு விஎஃப்டி, அதாவது தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, போட்டார்கள். மூன்று மாதத்தில் ஒரு மீட்டர் துணிக்கு ஆகும் மின்சாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த வருஷம் அதே முதலாளி போன் செய்தார். “ஏனுங்க, நீங்க வந்து குறைச்சுக் குடுத்துட்டுப் போனீங்க. இப்ப பாத்தா பில்லு பழசைவிட மேல ஏறி நிக்குதுங்களே?” நேரில் போய்ப் பார்த்தேன். ஷெட்டில் 32 தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மீட்டருக்கு ஆகும் செலவு குறைந்ததால் அவரால் கொஞ்சம் விலை குறைத்து ஆர்டர் பிடிக்க முடிந்திருக்கிறது. ஆர்டர் வரவும் மிச்சமான காசோடு கடனும் வாங்கி எட்டுத் தறி கூடுதலாகப் போட்டுவிட்டார். கணக்கு எளிது: மீட்டருக்கு 20 சதவீதம் குறைவு, ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 0.8-ஐ 1.333-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.07. பழைய பில்லைவிட 7 சதவீதம் அதிகம்.

“அப்ப ஆடிட்டு வீண்தானுங்களா?” என்று கேட்டார். வீண் இல்லை. அந்தத் தறிகளில் புதிதாகச் சிலர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஆனால் அந்த ஷெட் மின்வாரியத்திடமிருந்து இழுக்கும் கரண்ட் கூடிவிட்டது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

இதே விஷயத்தை 1865-லேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். அப்போது அவருக்கு வயது 29. நிலக்கரியைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்காகவே ஒதுக்கினார். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் மொத்தச் செலவு குறையும் என்று நினைப்பது குழப்பமான எண்ணம், உண்மை அதற்கு நேர் எதிரானது என்பது அவர் வாதம். இன்றைக்கு இதை ஜெவன்ஸ் முரண் என்கிறார்கள்.

அவர் இதைக் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. நியூகமன் நீராவி இயந்திரம் 1712-ல் வந்தது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைப்பதுதான் அதன் வேலை. நிலக்கரியை அள்ளி அள்ளித் தின்னும். அதனால் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில், விற்க முடியாத தூள்கரி சும்மா கிடைக்கும் இடத்தில் வைத்தால்தான் கட்டுப்படியாகும். கார்ன்வால் பகுதியில் வெள்ளீய, செம்புச் சுரங்கங்கள் உண்டு, நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அங்கே அந்த இயந்திரத்தை ஓட்டுவது யானைக்குத் தீனி போடுகிற மாதிரி.

ஜேம்ஸ் வாட் நியூகமன் இயந்திரத்தின் மாதிரி ஒன்றைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பழுது பார்த்தபோது, பிஸ்டனின் ஒவ்வொரு அசைவுக்கும் சிலிண்டரையே குளிரவைத்து மறுபடி சூடாக்குவதில்தான் வெப்பம் வீணாகிறது என்று கண்டுகொண்டார். நீராவியைக் குளிரவைக்கத் தனிக் கலம் வைத்தார். 1769-ல் காப்புரிமை. அதே வேலைக்குப் பழைய இயந்திரம் தின்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலக்கரி போதும் என்றானது. வாட்டும் அவர் கூட்டாளி போல்டனும் இயந்திரத்தை விற்ற விதமும் கவனிக்க வேண்டியது. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அந்தக் காசில் மூன்றில் ஒரு பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்றார்கள். மிச்சப்படுத்துவதையே சரக்காக விற்றார்கள். இன்றைக்கு ஆடிட் உலகில் 'சேமிப்பில் பங்கு' என்று போடும் ஒப்பந்தங்களுக்கு அதுதான் மூதாதை.

அப்புறம் நடந்தது என்ன? நீராவி இயந்திரம் சுரங்க வாசலை விட்டு வெளியே கிளம்பியது. நிலக்கரி விலைக்கு வாங்க வேண்டிய ஊர்களிலும் கட்டுப்படியானது. பஞ்சாலைக்குப் போனது, மாவு ஆலைக்குப் போனது. அப்புறம் தண்டவாளத்திலும் கப்பலிலும் ஏறியது. ஒவ்வொரு இயந்திரமும் குறைவாகத் தின்றது, ஆனால் இயந்திரங்கள் பெருகிவிட்டன. ஜெவன்ஸ் தந்த இன்னொரு உதாரணம் ஸ்காட்லாந்தின் இரும்பு. ஊதுலைக்குள் குளிர்ந்த காற்றுக்குப் பதில் சூடான காற்றை ஊதும் முறையை நீல்சன் என்பவர் 1828-ல் கொண்டுவந்தார். ஒரு டன் இரும்புக்கு ஆகும் நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830-க்கும் 1863-க்கும் இடையில் ஸ்காட்லாந்தில் இரும்புக்காக எரித்த மொத்த நிலக்கரி பத்து மடங்கானது. இரும்பு மலிந்ததால் வேறு தொழில்கள் வளர்ந்து, அவை எரித்த நிலக்கரி தனி.

பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி 1913-ல்தான் உச்சம் தொட்டது, சுமார் 29 கோடி டன். ஜெவன்ஸ் எழுதியபோது இருந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஜெவன்ஸ் எல்லாவற்றிலும் சரி என்று சொல்ல மாட்டேன். நிலக்கரி அருகினால் பிரிட்டன் படுத்துவிடும், அதற்கு மாற்று எதுவும் வராது என்று அவர் பயந்தார். பெட்ரோலியம் அவ்வளவு பெரிதாக வரும் என்பது அவர் கணக்கில் இல்லை. பொருள் தீர்ந்துபோகும் என்ற பயம் அவருடைய சுபாவத்திலேயே இருந்தது போலும். வீட்டில் காகிதத்தை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியிருக்கிறார். அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும், அவர் சேர்த்து வைத்த பொட்டலத் தாளைப் பிள்ளைகளால் தீர்க்க முடியவில்லை என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் எழுதியிருக்கிறார். தீர்ந்துபோகும் என்று சொன்னது பொய்த்தாலும், சிக்கனத்தைப் பற்றிச் சொன்னது நிலைத்துவிட்டது.

நூறு வருஷத்துக்கு மேல் இது கிடப்பில் கிடந்தது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பல நாடுகள் சிக்கனச் சட்டம் போடத் தொடங்கியபோது மறுபடி எழுந்தது. கஸ்ஸூம், புரூக்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1980 வாக்கில் தனித்தனியாக இதே வாதத்தை முன்வைத்தார்கள். இப்போது இதற்கு வழங்கும் பெயர் ரீபவுண்ட் விளைவு. சுவரில் எறிந்த பந்து திரும்பி வருகிற மாதிரி, மிச்சமானதில் ஒரு பகுதி செலவாகத் திரும்பி வருவது.

திரும்பி வரும் வழிகள் பல. பைக் மைலேஜ் கூடினால் பக்கத்துத் தெருவுக்கும் பைக்கில் போவோம். இது நேரடி வழி. பெட்ரோலில் மிச்சமான காசில் குடும்பத்தோடு விமானத்தில் கோவா போய்விட்டு வந்தால் அந்த எரிபொருள் வேறு கணக்கில் ஏறும். இது சுற்று வழி. மூன்றாவது, நான் தறிக்கூடத்தில் பார்த்தது: உற்பத்திச் செலவு குறைந்து, தொழில் பெருகி, பொருளாதாரம் முழுக்கப் பரவுவது. முதலாவதை அளப்பது ஓரளவு சுலபம். வசதியான நாடுகளில் கார், வீட்டைச் சூடாக்குவது போன்றவற்றில் இது பெரும்பாலும் 10 முதல் 30 சதவீதம். அதாவது 100 யூனிட் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டால் 70 முதல் 90 யூனிட் உண்மையிலேயே மிச்சமாகிறது. மூன்றாவதை அளப்பதுதான் கஷ்டம். பிரிட்டனில் பால் பிராக்வே உள்ளிட்ட ஆய்வாளர்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2021-ல் வெளியிட்டார்கள். பொருளாதாரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எதிர்பார்த்த சேமிப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிடக்கூடும் என்பது அவர்கள் முடிவு.

பாதி கரைகிறது என்றால் பாதி நிற்கிறது என்றுதானே பொருள்? ஆமாம். அதனால்தான் 'சிக்கனம் எல்லாம் சும்மா' என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தால் இதன் இரண்டு முகமும் தெரியும். ஃபூக்கே, பியர்சன் என்ற இருவர் பிரிட்டனில் பல நூற்றாண்டுகளின் விளக்குச் செலவைத் தோண்டி எடுத்தார்கள். 1800-லிருந்து 2000 வரைக்குமான கணக்கில், குறிப்பிட்ட அளவு வெளிச்சத்தின் விலை மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. ஒரு ஆள் பயன்படுத்தும் வெளிச்சம் 6,500 மடங்கு கூடியிருக்கிறது. தனிநபர் வருமானம் அதே காலத்தில் 15 மடங்குதான் கூடியது. மெழுகுவர்த்தியைச் சீக்கிரம் ஊதி அணைத்துவிட்டுப் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேஸ் விளக்கையும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மின்விளக்கையும் பார்த்தார்கள். வெளிச்சத்துக்கான பசி அவ்வளவு இருந்திருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். எல்இடி பல்பை மத்திய அரசு நிறுவனமான இஇஎஸ்எல் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-ல் ஒரு பல்புக்கு 310 ரூபாய் கொடுத்தார்கள், 2016-ல் 38 ரூபாய். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயின. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட்டே தருகிறது. மாதம் ஆயிரக்கணக்கில் பில் கட்டாத எளிய வீடுகளில் இது நேராகவே மிச்சம். ஒரு பல்பு இருந்த இடத்தில் ஒரு பல்புதான் எரிகிறது.

ஆனால் என் சித்தப்பா மகன் போன வருஷம் புது வீடு கட்டினான். பழைய வீட்டு ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட். 40 வாட் டியூப், சோக்கையும் சேர்த்தால் 50-க்குக் கொஞ்சம் மேல். புது ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுற்றிவர 12 டவுன்லைட், ஒவ்வொன்றும் 6 வாட். ஓரத்தில் மறைவாக ஓடும் ஸ்ட்ரிப் லைட் ஒரு 20 வாட். மொத்தம் 92. “எல்லாம் எல்இடிதாண்ணா, கரண்டே இழுக்காது” என்றான். ஒவ்வொன்றும் இழுக்காது என்பது சரி. அந்த 'இழுக்காது' என்ற நினைப்புதான் பன்னிரண்டு போடவைத்தது. குண்டு பல்பு காலத்தில் யாரும் ஹால் கூரையில் பன்னிரண்டு பல்பு மாட்டியிருக்க மாட்டார்கள், வெக்கையில் உட்கார முடியாது.

வீதியிலும் அதே கதை. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு, 2012-லிருந்து 2016 வரை பூமியில் இரவில் வெளிச்சமாக இருக்கும் பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. உலகம் எல்இடிக்கு மாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தச் செயற்கைக்கோளின் கருவிக்கு எல்இடியின் நீல ஒளி தெரியாது என்பதால், உண்மையான கூடுதல் அதற்கும் மேலாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஃபிரிட்ஜ். அமெரிக்காவில் 1970-களின் நடுவில் விற்ற ஒரு சராசரி ஃபிரிட்ஜ் வருஷத்துக்குச் சுமார் 1,800 யூனிட் எடுத்தது. கலிஃபோர்னியா மாநிலம் முதலில் கட்டுப்பாடு போட்டது, அப்புறம் நாடு முழுக்க வந்தது. இப்போதைய ஃபிரிட்ஜ் அளவில் அன்றையதைவிடப் பெரியது. மின்சாரமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இங்கே மிச்சம் மிச்சமாகவே நின்றது. ஏன்? ஃபிரிட்ஜ் சிக்கனமாகிவிட்டது என்பதற்காக யாரும் நாலு ஃபிரிட்ஜ் வாங்குவதில்லை. சிலர் பழையதைத் தூக்கிப் போடாமல் கார் ஷெட்டில் வைத்து ஓட்டினார்கள், அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஒன்று இருந்தது. வயிறு நிறைந்தவர் பந்தியில் பாதி விலை என்று சொன்னாலும் இன்னொரு இலை போடச் சொல்ல மாட்டார்.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். தேவை நிறைந்துவிட்ட இடத்தில் சிக்கனம் சேமிப்பாக நிற்கும். தேவை நிறையாத இடத்தில் அது புதுப் பயன்பாடாக மாறும். ஒரே கருவிகூட ஒரு வீட்டில் முதல் மாதிரியும் அடுத்த வீட்டில் இரண்டாவது மாதிரியும் நடந்துகொள்ளும்.

இந்தியாவில் குளிர்ச்சிக்கான தேவை கொஞ்சமும் நிறையவில்லை. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தின்படி, அப்போது ஏசி இருந்த வீடுகள் சுமார் 8 சதவீதம்தான். 2017-18-ல் இருந்த குளிரூட்டல் தேவை இருபது வருஷத்தில் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்று அதே ஆவணம் கணித்தது. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 30-ம் தேதி நாடு முழுவதற்குமான உச்சம் 250 ஜிகாவாட், அதாவது 2.5 லட்சம் மெகாவாட். வெயிலும் ஏசியும் சேர்ந்து செய்த வேலை அது. இதை முழுக்க ரீபவுண்ட் தலையில் கட்டிவிடவும் கூடாது. வருமானம் கூடியிருக்கிறது, கரண்டே இல்லாத வீடுகளுக்குக் கரண்ட் போயிருக்கிறது, தொழிற்சாலைகள் கூடியிருக்கின்றன. ஏசி சிக்கனமாகாமல் இருந்திருந்தாலும் தேவை ஏறித்தான் இருக்கும். சிக்கனம் அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது, கொஞ்சம் ஊக்கவும் செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவுக்கு 74 வயது. மே மாதம் முழுக்க ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏசி போடலாம் என்றால், “கரண்ட்டு காசு யாருடா கட்டறது” என்பார். இன்வெர்ட்டர் ஏசி வந்து, ராத்திரி முழுக்க ஓடினால் எத்தனை யூனிட் என்று மீட்டரில் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். எங்கள் வீட்டு பில் கூடியது. ஆய்வாளர் ஒருவர் கணக்கெடுத்தால் இது ரீபவுண்ட் என்றுதான் எழுதுவார். என் கணக்கில் அது அம்மாவின் தூக்கம். நம்மைப் போன்ற நாட்டில் திரும்பி வரும் அந்த யூனிட்டுகளில் பெரும்பகுதி இதுவரை கிடைக்காத ஒன்று கிடைத்ததன் அளவு. அதை வீண் என்று பட்டியலிடுவது எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டு டவுன்லைட்டையும் ஒரு முதியவர் அறையின் குளிர்ச்சியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இப்போது இந்த விவாதம் சூடாக நடப்பது கம்ப்யூட்டர் உலகில். 2010-லிருந்து 2018 வரை உலகின் டேட்டா சென்டர்கள், அதாவது இணையத்துக்கான கம்ப்யூட்டர்களைக் குவித்து வைத்திருக்கும் கூடங்கள், செய்த வேலை ஆறு மடங்குக்கு மேல் கூடியது. மின்சாரமோ 6 சதவீதம்தான் கூடியது என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. சிக்கனம் ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். அப்புறம் செயற்கை நுண்ணறிவு வந்தது. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனம், குறைந்த செலவில் ஓடும் செயற்கை நுண்ணறிவு மாடலைக் காட்டியதும், இனி இவ்வளவு சிப்பும் மின்சாரமும் தேவைப்படாது என்று பங்குச் சந்தையே ஆடிப்போனது. அப்போது மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா, ஜெவன்ஸ் முரண் மறுபடி வேலையைக் காட்டுகிறது என்று பதிவு போட்டார். மலிவானால் பயன்பாடு எகிறும், அதனால் தங்கள் தொழிலுக்கு நல்லது என்பது அவர் கணக்கு. 1865-ல் கவலையாகச் சொல்லப்பட்டது 160 வருஷம் கழித்து முதலீட்டாளர்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2024-ல் டேட்டா சென்டர்கள் எடுத்தது 41,500 கோடி யூனிட். இந்தியா ஒரு வருஷத்தில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 2030-ல் அது 94,500 கோடியாகும் என்கிறார்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆகும் மின்சாரம் வேகமாகக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பசிக்கு எல்லை எங்கே என்றுதான் இன்னும் தெரியவில்லை.

பசிக்கு அடுத்தபடி முக்கியம், விலை. நம் மாநிலத்தில் விவசாயப் பம்ப்செட்டுக்குக் கரண்ட் இலவசம். சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் ஒரு ஏக்கருக்கு ஆகும் தண்ணீர் நிச்சயம் குறைகிறது. ஆனால் கிணற்றில் மிச்சமான தண்ணீரை யாரும் கிணற்றிலேயே விட்டுவைப்பதில்லை. சும்மா கிடந்த இரண்டு ஏக்கரையும் சேர்த்து வாழை வைப்பார்கள். நானே விவசாயக் குடும்பம்தான், நானும் அதைத்தான் செய்வேன். மோட்டார் ஓடும் நேரம் குறையாது. கூடுதலாக ஓட்டினால் கூடுதல் செலவு என்ற கடிவாளம் அங்கே இல்லை. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், மேலே போகப்போக யூனிட் விலை ஏறுகிறது. இந்தப் படிக்கட்டு விலை ரீபவுண்டுக்குப் போட்ட ஒரு பிரேக். மிச்சம் மிச்சமாகவே நிற்க வேண்டும் என்று அரசு உண்மையிலேயே விரும்பினால், சிக்கனக் கருவியோடு இப்படி விலையோ உச்சவரம்போ கூடவே வர வேண்டும். கருவியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் நடக்காது.

நிலக்கரியின் கதையும் அப்படித்தான் முடிந்தது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது. நீராவி இயந்திரத்தை இன்னும் இன்னும் சிக்கனமாக்கியதால் அது நடக்கவில்லை. இயற்கை எரிவாயுவும் காற்றாலையும் அந்த இடத்துக்கு வந்தன. கரியமில வாயுவை வெளியே விடுவதற்கு விலை வைத்தார்கள். மூட வேண்டிய வருஷத்தை அரசே அறிவித்தது. எரிபொருளையே மாற்றிவிட்டால் எவ்வளவு செலவழிக்கிறோம் என்ற கேள்வியின் பாரமும் கொஞ்சம் இறங்குகிறது. என் தறிக்கூட முதலாளி பில் ஏறியதற்காகத் தறியைக் குறைக்கவில்லை, ஷெட் கூரையில் சோலார் போட்டார்.

சரி, உங்கள் ஏசி. 5 ஸ்டார் வாங்குங்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. ராத்திரி 8 மணி நேரம், 200 நாள். உதாரணத்துக்கு 3 ஸ்டார் 1,000 யூனிட், 5 ஸ்டார் 750 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கால்வாசி மிச்சம். ஆனால் '5 ஸ்டார்தானே' என்று 8 மணி நேரத்தை 10 மணி 40 நிமிடமாக்கினால் அந்த மிச்சம் மொத்தமும் போய்விடும். சாயங்காலம் டிவி பார்க்கும்போது ஒன்று, விடிந்த பிறகு அணைக்க மறந்து ஒன்றரை என்று போனால் இரண்டரை மணி நேரம் சுலபமாக வந்துவிடும். 24 டிகிரிக்குப் பதில் 20 வைத்தாலும் ஏறத்தாழ அப்படித்தான். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 6 சதவீதம் என்பது மத்திய எரிசக்தி சிக்கன அமைப்பின் கணக்கு. நாலு டிகிரி என்றால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப் படிகளில் கிடைக்கும் சலுகை விலையில் ஒரு பகுதியும் போய்விடும், அதையும் மனதில் வையுங்கள்.

24-லோ 26-லோ வைத்துக்கொண்டு ஃபேனைச் சேர்த்து ஓடவிடுங்கள். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம்தான் எடுக்கும். ஏசி மாட்டிய முதல் வாரம், படுக்கப் போகும்போது ஒரு தடவையும் எழுந்ததும் ஒரு தடவையும் மீட்டரைப் பார்த்து, ஏசி ஓடிய நேரத்தையும் டிகிரியையும் சேர்த்துக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ராத்திரிக்கும் வரும் வித்தியாசம், அந்த ஏழு எண்கள், கடைக்காரர் சொல்வதையும் நான் சொல்வதையும்விட உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும். முதல் பில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஏசி எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை டிகிரியில் ஓடியது என்று அந்தத் தாளை வைத்து எண்ணிப் பாருங்கள்.